விட்டுப்போன ‘ங்க’

ஆடி நோம்பிக்கு முதன்முதலாக விருந்துக்கு வந்த மருமகன் சென்னிமலையை, இலை போட்ட பிறகு எழுப்பி அனுப்பிவிட்டார் அருணகிரி.

குற்றம் ஒரே ஒரு சொல். கை கழுவிவிட்டு வந்த மாமனாரைப் பார்த்து, “மாமா, உக்காரு” என்று சொல்லிவிட்டானாம்.

திருச்செங்கோட்டுப் பஞ்சு அரவை மில்லில் பத்தொன்பது வருஷமாக இஞ்சின் ஓட்டுகிறவர் அவர். மில் முதலாளியே மரியாதை கொடுத்துப் பேசுவார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு ஒருவன் ‘உக்காரு’ என்றால் சோறு இறங்குமா?

“உக்காருங்கன்னுதான் மாமா சொன்னேனுங்க” என்று பதறினான் சென்னிமலை. அதில் “சொன்னேன்” என்பது மட்டும் அருணகிரியின் காதில் விழுந்தது. செய்ததையும் செய்துவிட்டு, ஆமாம் சொன்னேன் என்று வேறு நிற்கிறானே என்று கோபம் இரட்டித்தது.

அந்தப் பக்கத்துப் பேச்சில் மரியாதை எல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. குரல் இறங்கும் இடமும் அந்த வால்தான். காது மந்தமானால் முதலில் தொலைவது ‘ங்க’. அருணகிரிக்குத் தன் காது மந்தம் என்று தெரியாது. ஊருக்கு மரியாதை குறைந்துவிட்டது என்று மட்டும் தெரியும்.

மனைவி பாவாயி, மருமகனுக்கு ரகசியமாக ஆள் அனுப்பினாள். இன்னும் கொஞ்சம் பணிவாகப் பேசும்படி சொல்லியனுப்பினாள். அதுதான் வினையாகப் போயிற்று. மறுவாரம் வந்த சென்னிமலை துண்டை இடுப்பில் கட்டி, முதுகை வளைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினான். பணிவு கூடக் கூடக் குரல் குறைந்தது. அருணகிரிக்கு இப்போது ‘ங்க’ மட்டுமல்ல, மற்றதும் கேட்கவில்லை.

“வாய்க்குள்ளயே வையறான் பாரு” என்றார். அன்றோடு மருமகனுக்கு வாசல் அடைபட்டது.

சமாதானம் பேச உறவுக்காரர் சின்னுசாமி வந்தார். நயமாகப் பேசுவதில் பேர்போனவர். அவ்வளவு நயமும் அருணகிரியின் காதுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. கடைசியில் சின்னுசாமியோடும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஆயிற்று.

மகள் ராசம்மாளுக்குத் தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் நடந்தது. பேரப்பிள்ளை பிறந்த சேதியைப் பாவாயி அடுப்படியில் நின்று சொன்னாள். அவர் திரும்பவில்லை. பிடிவாதம் என்று அவள் நினைக்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

இரண்டு நாள் கழித்து, தெருவே கேட்கும்படி சொன்னாள்.

“சேலத்துக்குப் போ. காதைக் காட்டு.”

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. ‘ங்க’ மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள்!

அதற்குப் பிறகு பாவாயி எதைச் சொன்னாலும் அப்படித்தான் இருந்தது. வா, சாப்பிடு, காதைக் காட்டு. அருணகிரி அவளோடு பேசுவதை நிறுத்தினார். சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவார், போதுமென்றால் கையைக் காட்டுவார். ஒரு வருஷத்துக்கு நான்கு நாள் குறைய இப்படி ஓடியது. அந்த நான்கு நாளும் காய்ச்சலில் கிடந்துவிட்டு பாவாயி போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாம் மாதம் மில் இஞ்சினில் ஒரு உருளை தேய்ந்து கிறீச்சிட்டது. மில்லில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். பக்கத்திலேயே இருந்த அருணகிரி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். காதைக் காட்டிவிட்டு வந்தால்தான் வேலை என்று முதலாளி எழுதியே கொடுத்துவிட்டார்.

சேலத்து டாக்டர் காதருகே குனிந்து உரக்கக் கேட்டார்.

“எத்தன வருஷமாக் கேக்கல?”

“கேக்குதுங்க. சனங்க பேசறதுதான் சரியில்லீங்க.”

டாக்டர் எண்ணெய் விட்டார், காத்திருந்தார், வெந்நீரைப் பீச்சினார். தட்டில் கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. அடுத்த காதிலிருந்து இன்னொன்று. கிள்ளிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. இஞ்சின் சத்தத்துக்குப் பயந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடைத்துக்கொண்டது. பாதி எடுத்து, பாதி உள்ளே போய், அதன்மேல் வருஷக்கணக்கில் அழுக்கு ஏறியிருக்கிறது.

அரைமணி நேர வேலை. எப்போது வந்திருந்தாலும் அரைமணி நேரம்தான் ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

வெளியே வந்து பஸ் ஏறினார். கரிப்புகையில் ஓடுகிற அந்தப் பஸ்ஸின் கண்டக்டர், “ஏறுங்க, தள்ளி நில்லுங்க, சில்லறை குடுங்க” என்று யார் யாருக்கோ அள்ளி வீசிக்கொண்டிருந்தான். அருணகிரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊருக்குப் போகாமல் நேராகக் குமாரபாளையத்தில் மருமகன் வீட்டுக்குப் போய் நின்றார்.

சென்னிமலை வாயைப் பொத்திக்கொண்டு, இருக்கிற குரலையும் குறைத்துச் சொன்னான்.

“வாங்க மாமா. உக்காருங்க.”

அருணகிரி உட்கார்ந்தார். பேரனை மடியில் வாங்கிக்கொண்டார். தப்பு தன் காது மேல்தான் என்று மருமகனிடம் சொல்ல, அவருக்குச் சாயங்காலம்வரை ஆயிற்று.

மறுநாள் ஊர் திரும்பியதும், பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் மோர் கொண்டுவந்தாள். பாவாயியின் கூட்டாளி. பாவாயியைப் பற்றி அவளிடம்தான் அருணகிரிக்கு வாய் திறந்தது.

“எல்லாரும் மருவாதியாத்தான் பேசியிருக்காங்க, கந்தம்மா. பாவாயியும் ‘ங்க’ போட்டுத்தான் பேசியிருப்பா. இந்தக் காதுதான் தின்னுபோட்டுது. அது தெரியாம, அவகிட்ட ஒரு வருஷம் பேசாம இருந்துபோட்டேன்.”

கந்தம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

“இல்லீங்கண்ணா. அவ போடலீங்க.”

சந்தேகப்பட இப்போது காதும் ஒத்துழைக்கவில்லை. கந்தம்மாளே தொடர்ந்தாள்.

“‘ங்க’ போட்டாக் கொரலு தானா எறங்கிப்போவுது, அவருக்கு எட்ட மாட்டேங்குதுன்னு வேணும்னேதான் உட்டா. அப்பறம் உட்ட ஒவ்வொண்ணுக்கும் புள்ளையார் கோயலுக்குப் போயி, ரெண்டு காதையும் புடிச்சுக்கிட்டுத் தோப்புக்கரணம் போட்டுட்டுத்தானுங்க ஊட்டுக்கு வருவா.”