சாதாரணமாக வரச் சொன்ன அக்காவுக்கு

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உறையின் மேல் நீ எழுதியிருந்த பெயரில் இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. தபால்காரர் பழக்கதோஷத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார், நானும் பழக்கதோஷத்தில் பிரித்துவிட்டேன். இங்கே நான், தோள்வரை வந்துவிட்ட என் தலைமுடி, டாக்டர் கொடுத்த மாத்திரைகள் எல்லாரும் சுகம். அங்கே நீ, அத்தான், கல்யாணப் பெண், அத்தானின் ரத்த அழுத்தம் ஆகிய நால்வரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரத்த அழுத்தத்தைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம், உன் கடிதத்தில் அதை ஐந்து இடத்தில் எழுதியிருந்தாய். என்னை ஒரே ஒரு இடத்தில்.

அந்த ஒரு இடத்தை மனப்பாடமாகச் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள். "கல்யாணத்துக்கு வா. ஆனா வேஷம் கீஷம் போட்டுக்கிட்டு வந்து நிக்காதே. ஒரே ஒரு நாள்தானே, பழையபடி பேண்ட் சட்டையில வந்துட்டுப் போயிடு. நாலு பேர் மாதிரி சாதாரணமா வா."

சாதாரணமாக! அக்கா, எட்டு மாதமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தாய்? நான் ராணி உடுப்புக்கு ஆசைப்படவில்லை. வீட்டில் போட்டுக்கொள்ள இரண்டு, கடைக்குப் போக இரண்டு, வேலைக்குப் போக மூன்று, எல்லாப் பெண்களும் தூக்கக் கலக்கத்தில் எடுத்து மாட்டிக்கொண்டு போகிற மாதிரி, ஒருவர் கண்ணிலும் படாத ஏழு உடுப்புகள். அவ்வளவுதான் என் பேராசை. அந்த ஏழு உடுப்பைச் சேர்ப்பதற்குள் நான் பட்ட பாட்டை நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறேன். கல்யாண வேலையில் உனக்கு நேரம் இருக்காது, அதனால் உட்கார்ந்து படி.

முதல் கடைக்குப் பேண்ட் சட்டையில்தான் போனேன், வேறு ஏதும் இல்லாததால். பெண்கள் பகுதியில் கால் வைத்ததுமே விற்பனைப் பெண் ஓடி வந்து, "யாருக்கு சார்?" என்றாள். எனக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வீட்ல" என்று வந்தது. இல்லாத மனைவி ஒருத்தி அந்த நிமிஷத்தில் பிறந்தாள். "அவங்க என்ன உயரம் சார்?" என் உயரம். "தோள்?" என் தோள் மாதிரிதான். "இடுப்பு?" அதுவும் ஏறக்குறைய. அவள் அடுத்த மேஜையில் இருந்தவளைக் கூப்பிட்டு, "ஏய், இங்க பாரு, சாரும் அவர் வீட்டம்மாவும் ஒரே சைஸாம்" என்றாள். அவள் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்து, "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று இன்றுவரை தெரியவில்லை. "அவங்களையே ஒரு தடவை கூட்டிட்டு வந்துடுங்க சார், போட்டுப் பார்த்து எடுக்கலாம்" என்றார்கள். கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பயத்தில் கைக்கு அகப்பட்டதை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால், கழுத்தெல்லாம் ஜிகினா, கையெல்லாம் மணி, தோளில் பொம்மென்று புடைத்த பூ. நிறம், கண்ணில் குத்தும் ரோஜா. எனக்கு அது எப்படி இருந்தது தெரியுமா? அழகாக இருந்தது. அதுதான் விபரீதம். முப்பத்தாறு வருஷம் கட்டம் போட்ட சட்டை போட்டவளுக்கு ஜிகினா அழகாகத்தானே தெரியும்? அதைப் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்குத் தெருமுனைக் கடைக்குச் சோப்பு வாங்கப் போனேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சாயம் போன நைட்டியில். நடுவில் நான், மேடையில் பரிசு வாங்கக் கூப்பிட்டவள் மாதிரி. கடைக்காரர் சோப்பைக் கொடுத்துவிட்டு, "ஏதாவது ஷூட்டிங்கா?" என்று கேட்டார். கிண்டல்கூட இல்லை, நிஜமாகவே கேமராவைத் தேடினார்.

நீயும் இப்படிச் செய்தவள்தான். பதின்மூன்று வயதில் முகமெல்லாம் பவுடரை அப்பிக்கொண்டு, அம்மாவின் உடுப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீடுவரை போய்வந்தாய். வீடே சிரித்தது, அம்மா கன்னத்தைக் கிள்ளினாள், அதோடு முடிந்தது. அந்தத் தப்புகளை எல்லாம் நான் முப்பத்தாறில் செய்துகொண்டிருக்கிறேன். உன் தப்புக்கு வீடு சிரித்தது, என்னுடையதற்குத் தெரு சிரிக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

அடுத்த வம்பு துணிக்கொடியில் வந்தது. போட்டுப் பார்க்காமல் வாங்கியதால் ஒன்று தொளதொள, ஒன்று பிடிபிடி, ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத்தான் ஆகும். மூன்றையும் துவைத்து மாடியில் காயப்போட்டிருந்தேன். கீழ்வீட்டு அம்மா, அதாவது என் வீட்டுக்காரம்மா, படியேறி வந்து வாசலில் நின்றார். "தம்பி, தனி ஆளுன்னுதான் வீட்டைக் கொடுத்தோம். ஒரு பொண்ணு வந்து போனாக்கூடப் போகட்டும்னு விட்டிருப்பேன். மூணு பேரு வர்றாங்க." எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். "மூணு சைஸ் தொங்குதே!" என்றார். துப்பறியும் மூளை. என்னைப் பற்றி ஊரில் ஒரு மன்மதக் கதை உலவுவதை விட உண்மையே மேல் என்று நினைத்து, "மூணும் நான்தாம்மா" என்றேன். விளங்கச் சொன்னேன். நின்று முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இதுக்கு நீ மூணு பேரையே வச்சிருந்திருக்கலாம்."

அன்றிலிருந்து என் துணியை உள்ளே காயப்போட வேண்டும் என்று உத்தரவு. உள்ளே வெயில் வராது. ஆகவே என் புதிய வாழ்க்கைக்கு ஈரத்துணி வாடை அடிக்கிறது.

வேலையிடத்தைப் பற்றியும் நீ கேட்கவில்லை. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அதே பின்னறை, அதே மேஜை. பதினாறு விதமான வெள்ளையைப் பார்த்தவுடன் பிரித்துச் சொல்கிற கண் எனக்கு இருக்கிறது, ஆனால் எந்தச் சட்டைக்கு எந்தக் கால்சட்டை என்று தெரியவில்லை. முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பெரிய மனசு அவருக்கு. "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லப்பா. நீ உள்ளதானே உட்கார்ந்திருக்கே, எதை வேணா போட்டுக்கோ. டாக்டருங்க வர்ற நேரத்துல மட்டும் முன்னாடி வந்துடாதே." டாக்டர்கள் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை வருவார்கள். என் வேலை நேரமும் அதுவே.

அங்கே பல்லுக்கு மெருகு போடுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். கறார் அக்கா என்று நாங்கள் கூப்பிடுவோம், அவருக்கும் தெரியும். என் ஜிகினாவை இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் மேஜையில் தட்டி, "தோள் அகலம்னு நீயே பொலம்பறே, அப்புறம் தோள்ல எதுக்குடி பூ வைக்கிறே?" என்றார். டி என்று என்னை முதன்முதலில் கூப்பிட்டவர் அவர்தான், அதுவும் திட்டுவதற்கு. அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னை ஒரு கடைக்கு இழுத்துப் போனார். "இது வேணாம். இது வேணாம். இது உங்க அம்மாவுக்கு. மேல அடர்த்தியான கலர், கீழ கொஞ்சம் விரிஞ்சது. கழுத்து ஏறி இருக்கக் கூடாது, இறக்கமா இருக்கணும். பாக்கெட் இருக்கா பாரு, இல்லேன்னா தூக்கிப் போடு, சாவியை எங்க வைப்பே, வாயிலயா?" பத்தே நிமிஷம். எட்டு மாதப் படிப்பு அந்தப் பத்து நிமிஷத்தில்.

போட்டுப் பார்க்கப் போனால், பெண்கள் அறை வாசலில் நின்றவள், "அந்தப் பக்கம் போங்க" என்றாள். அந்தப் பக்கம் போனால் அங்கே நின்றவன் என் கையில் இருந்த துணியைப் பார்த்து, "இந்தப் பக்கம் இல்லீங்க" என்றான். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது, அதில் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கறார் அக்கா வந்து, "அவ என்கூட வந்திருக்கா" என்று சொல்லி என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளியே கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார், யாராவது கிட்டே வந்தால் இருமினார். உள்ளே எனக்கு ஒரு கை மேலே, ஒரு கை உள்ளே, தலை உடுப்பின் கழுத்தில் மாட்டிக்கொண்டு அப்படியே அழுகை வந்துவிட்டது. "என்னடி சத்தம்?" "தலை போகலைக்கா." "அழுதா போயிடுமா? பக்கத்துல ஜிப் இருக்கும் பாரு." இருந்தது. அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவள் நீ ஒருத்தி என்றுதான் நினைத்திருந்தேன் அக்கா. அந்த ஜிப்பை நீ சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இனி நான் சொல்வதை அத்தானுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

போன மாதம், இரண்டாவது சனிக்கிழமை, நீ எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு வந்திருந்தாய். கல்யாணத்துக்குத் துணிமணி வாங்க வந்திருப்பாய். என்னிடம் சொல்லவில்லை, சொல்லாமலே போய்விட்டாய். நான் பழக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கருநீலப் பருத்தி மேல்சட்டை, கறுப்புக் கால்சட்டை, ரப்பர் செருப்பு, முடியை ஒரு கிளிப்பில் அள்ளிப் போட்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. கடைக்காரர் ஷூட்டிங்கா என்று கேட்கவில்லை, யாரும் திரும்பவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நான் கூட்டத்தில் ஒருத்தி. இரண்டு கையிலும் பைகளோடு, பழப்பெட்டிகளுக்கு நடுவே நான் நின்ற சின்ன இடுக்கில் நீ நுழைந்தாய். நீ என் முகத்துக்கு நேராகப் பார்த்தாய். பார்த்து,

"கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா, பை இடிக்கும்" என்றாய்.

நான் தள்ளிக்கொண்டேன். நீ போய்விட்டாய். கையில் பழத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். "என்னம்மா, எடுக்கிறீங்களா இல்லையா?" என்று கடைக்காரர் கேட்டபிறகுதான் நினைவு வந்தது. என்னை யாரும் இவ்வளவு பாராட்டியதில்லை. இவ்வளவு அடித்ததும் இல்லை. இரண்டையும் ஒரே வாயால், ஒரே மூச்சில், பைகளைக் கீழே வைக்காமல் செய்துவிட்டாய்.

அதற்கு ஒன்பதாம் நாள் உன் கடிதம் வருகிறது, சாதாரணமா வா என்று. இதைவிடச் சாதாரணமாக எப்படி வர?

ஆகவே நான் வரவில்லை. நீ கேட்கிற அந்தப் பேண்ட் சட்டைக்காரனையும் அனுப்ப வழியில்லை. சட்டைகள் பதினான்கையும் மூட்டையாகக் கட்டிக் கீழ்வீட்டு அம்மாவின் கணவருக்குக் கொடுத்துவிட்டேன். என்னை வெளியேற்றாமல் இருப்பதற்கு அதுதான் காரணமோ என்னவோ. கல்யாணத்தில் அந்தச் சட்டைகள்தான் தெரிய வேண்டுமென்றால் அவருக்கு ஒரு பத்திரிகை அனுப்பு. நன்றாகப் பொருந்துகின்றன. ரத்த அழுத்தமும் உண்டு, அத்தானோடு பேச விஷயம் இருக்கும். முன்வரிசையில் உட்காரவைத்து, இவர்தான் என் தம்பி என்று நாலு பேருக்குக் காட்டு. உன் தலை குனியாது. அவர் அதிகம் பேசவும் மாட்டார்.

இதற்கு மேல் எழுதினால் பேனா உடைந்துவிடும். பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் மனம் நிறைந்த ஆசிகள். அவர்கள் எதைப் போட்டுக்கொண்டாலும் ஒருவரையொருவர் கூட்டத்தில் அடையாளம் கண்டுகொள்ளட்டும். அத்தானுக்கு என் மரியாதை, மாத்திரையை வேளை தவறாமல் போடச் சொல். நீ எனக்கு இனி எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
நீ தள்ளி நிற்கச் சொன்னதும் தள்ளி நின்ற
உன் தங்கை

பி.கு: கடிதத்தை ஒட்ட எடுத்தபோது பாப்பா போன் செய்தாள். "மா..." என்று ஆரம்பித்தவள் நடுவில் விழித்துக்கொண்டு "சித்தி" என்று முடித்தாள். கேட்பதற்கு மாசித்தி என்று இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் வராவிட்டால் மேடையைவிட்டு இறங்கி வந்து என்னை இழுத்துப் போவாளாம். உன் பெண்தானே, செய்தாலும் செய்வாள். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியான வண்டியில் வந்து இறங்குகிறேன், ஸ்டேஷனுக்கு யாராவது வரட்டும். கல்யாணத்துக்கு நீயும் பச்சையில்தான் உடுப்பு எடுத்திருக்கிறாய் என்று அவள் சொன்னாள். பத்திரிகை வந்த மறுநாளே நானும் பச்சைதான் எடுத்தேன். கறார் அக்கா என் அளவுக்குப் பிடித்துத் தைத்தும் கொடுத்துவிட்டார், கடையில் இனித் திரும்ப எடுக்க மாட்டார்கள். எனவே இந்த விஷயத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியவள் நீதான்.