ஆபத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்

தனியாக இருக்கிறவனுக்குத் தன் உடம்பின்மேல் வரும் பயம் தனி ரகம். தும்மினால்கூட உயில் எழுதிவிடலாமா என்று தோன்றும். மனைவி போனபிறகு நான் அப்படித்தான் ஆனேன். ராஜபாளையம் மில் அலுவலகத்தில் பகல் கழிந்துவிடும்; ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது. ஆகவே இதயத்துடிப்பைச் சொல்லும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினேன். (என்னை விசாரிக்க அதுவாவது இருக்கட்டுமே!)

துடிப்பு எகிறினால் யாருக்குத் தகவல் அனுப்புவது என்று அது கேட்டது. செட்டியார்பட்டியில் அக்கா இருந்தாள். பேரன் பேத்தியோடு இருப்பவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று ஒரு வீராப்பு. வேறு யாரும் நினைவுக்கு வராததால் என் எண்ணையே போட்டேன்.

மறுநாள் காலை வன்னியம்பட்டி ரோட்டில் ஓடினேன். கொஞ்ச தூரம்தான். கடிகாரம் கத்தியது. துடிப்பு நூற்று எழுபது! உடனே கால்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. 'உங்களுக்கு வேண்டியவர் ஆபத்தில் இருக்கிறார். உடனே உதவுங்கள்.' படித்ததும் எனக்கு நிஜமாகவே நெஞ்சை அடைத்தது. (வேண்டியவர் ஆயிற்றே!) வந்த ஆட்டோவை மறித்து ஏறி, ஆஸ்பத்திரியில் போய் விழுந்தேன்.

நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார். கடிகாரத்தில் அந்த அவசர எண் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர், தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் போய் அழைத்தார். என் பையில் மணி அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ, ஒங்க ஆளு ஒருத்தர் இங்க படுத்திருக்காரு. ஒடனே வாங்க."

"வந்துட்டேன் சிஸ்டர்," என்றேன்.

துணி விலகியது. வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், கூடவே அழுகையும் வந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். "இதயம் நல்லாத்தான் இருக்கு. வாட்ச்ச வளையல் மாதிரி தொளதொளன்னு கட்டியிருக்கீங்க. ஓடும்போது கை ஆடுறதத்தான் அது துடிப்புன்னு எண்ணியிருக்கு. ஆனா ரொம்பப் பயந்திருக்கீங்க, தனியா அனுப்ப மாட்டோம்."

வேறு வழியில்லாமல் அக்காவின் எண்ணைச் சொன்னேன். நர்ஸ் நடந்ததையெல்லாம் போனில் சொல்லி அவளை வரச்சொன்னார். வந்தவள் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"ஏலே, ஒனக்கு ஒண்ணுன்னா நீயே ஒனக்குச் சொல்லிக்கிடுவியோ? பொறவு நாங்க எதுக்குல இருக்கோம்?"

கடிகாரத்தில் இப்போது அவள் எண். எங்கள் குடும்பத்து விசேஷ வீடுகளில் 'வந்துட்டேன் சிஸ்டர்' என்று சொல்லித்தான் என்னை வரவேற்கிறார்கள். கடிகாரத்தின் வாரை இறுக்கிக் கட்டினாலும், ஓடும்போது அது சில நாள் பொய் சொல்லத்தான் செய்கிறது. உடனே அக்கா கூப்பிடுகிறாள்.

"ஏலே, ஓடுதியா, சாகுதியா?"

"ஓடுறேன்க்கா."

"அப்ப வச்சிரவா?"

"வச்சிராதக்கா. இன்னும் கொஞ்ச தூரம் ஓடணும்."