பள்ளிவாசலுக்கு அளவு கொடுத்த தோள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கையும் மாமாவும் இறைவன் அருளால் நலம். அங்கே அனைவர் நலமும் அறிய ஆவல். என் உடம்பைப் பற்றி மட்டும் கடிதத்தை முடிக்கும்வரை விசாரிக்க வேண்டாம்.

தலைநகரின் புதிய பெரிய பள்ளிவாசல் போன வெள்ளிக்கிழமை திறந்தாயிற்று. பேப்பரில் படம் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தத் திறப்பு என்னால் நின்றுபோக இருந்த கதை எந்தப் பேப்பரிலும் வந்திருக்காது. வேறு யாராவது சொன்னால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அங்கே எனக்கு ஸ்டோர் கீப்பர் உத்தியோகம் என்பது தெரிந்ததுதானே. ஒருநாள் சிமெண்டு மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன், என்ஜினியர் கையில் கயிறோடு வந்து, "கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்றார். நின்றேன். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை கயிற்றைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். "எதுக்கு சார்?" என்றேன். "தரைவிரிப்புல ஒரு ஆளு நின்னு தொழ எவ்வளவு அகலம் விடணும்னு பார்க்கத்தான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை மச்சான். மூச்சை இழுத்துப் பிடித்து, நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டு நின்று தொலைத்தேன்.

விரிப்பு வந்தது. பச்சை நிறம், ஆளுக்கொரு வளைவு போட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அழகு. விரித்து எண்ணிப் பார்த்தால் எட்டாயிரம் வளைவுதான் இருக்கிறது. வாசலிலோ 'ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் தொழலாம்' என்று ஆள் உயரத்துக்குப் பலகை மாட்டியாயிற்று. கமிட்டிச் செயலாளர் குதியோ குதி என்று குதித்தார். என்ஜினியர் என் பக்கம் விரலை நீட்டினார். மொத்தக் கமிட்டியும் என்னைத் தோளிலிருந்து தொப்பை வரை பார்த்தது. "இந்த ஊருல அளவெடுக்க வேற ஆளே கிடைக்கலையாய்யா?" என்று செயலாளர் தலையில் அடித்துக்கொண்டு, விரிப்பைத் திருப்பி அனுப்பி வேறு நெய்து வரும்வரை திறப்பைத் தள்ளி வைப்போம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அப்பா. அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து, "இன்னைக்கு எவ்வளவு எழும்பிச்சு மாப்ளே?" என்று கேட்காமல் சோற்றில் கை வைக்காத மனுஷர். திறப்பு நாளுக்கென்று சட்டை தைத்து, வாரா வாரம் எடுத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "பொண்ணு பார்க்க வந்தன்னைக்கே சொன்னேன், இந்தப் பையன் கதவுல ஒருக்களிச்சு நுழையிறான்னு. யாரு கேட்டீங்க?" என்று சத்தம் போட்டார். அப்புறம் குரலை இறக்கி, "அதுவரைக்கும் என் முழங்காலு தாங்குமா மாப்ளே?" என்றார். உங்கள் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? அன்று ராத்திரியே என் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டாள். "விரிப்பு நெய்தாச்சும்மா, இனிமே நான் இளைச்சா அது சுருங்குமா?" என்று கெஞ்சிப் பார்த்தேன். ம்ஹும், மசியவில்லை.

பசி தாங்காமலும் மாமாவின் முகத்தைப் பார்க்க மாட்டாமலும் நேரே இமாமிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்துச் செயலாளரைக் கூப்பிட்டு, "மனுஷன் பக்கத்துல நிக்கிறவன் தோளோட தோள் சேர்ந்துதான் நிப்பான். கீழ இருக்கிற படத்தையா பார்த்துக்கிட்டு நிப்பான்? பேசாம திறங்க" என்றார்.

திறந்தார்கள். அடடா, என்ன கூட்டம்! என்ன வெளிச்சம்! வளைவாவது ஒன்றாவது, யார் கண்ணிலும் படவில்லை. ஒருவர் இடத்தில் ஒன்றரைப் பேர் நின்றோம். மாமா நாற்காலி வேண்டவே வேண்டாம் என்று என் பக்கத்தில் நின்றார். முழங்கால் நடுங்கியபோதெல்லாம் என்மேல் சாய்ந்துகொண்டார். தொழுது முடித்ததும் என் தோளைத் தடவி, "இதுவும் நல்லதுக்குத்தான் மாப்ளே" என்றார். அவரும் அழுதார், நானும் அழுதேன். பத்தாயிரத்துக்கு மேலேயே இருக்கும் என்று செயலாளர் என்னையே கட்டிப்பிடித்தார். கை எட்டவில்லை, அது வேறு விஷயம். அன்றிலிருந்து மாமா வாசலில் நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து, "இந்தப் பள்ளிவாசலே என் மருமகன் அளவுதான்" என்கிறார். குடும்பம் குடும்பமாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

உங்களுக்கும் வீட்டாருக்கும் நிறைந்த ஆயுளையும், நின்று தொழ நல்ல முழங்காலையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் அகலமான கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் விரிப்பு போட்ட மேஸ்திரி வந்தார். அந்தக் கம்பெனித் தறியில் ஒரே ஒரு அகலம்தான் நெய்ய வருமாம். யாருடைய அளவையும் அவர்கள் கேட்கவே இல்லையாம். என்னை அளந்த கயிறு முடிச்சு அவிழாமல் என்ஜினியர் மேசைக்குள்ளேயே கிடக்கிறதாம். பழி நீங்கியது என்று நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் மச்சான், இதை எழுதும்போதே தெருவில் மாமா யாரிடமோ என் தோளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே கேட்கிறது. தயவுசெய்து இந்தப் பி.கு.வை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, மற்றதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டவும்.