வாசலை உடைத்து வந்த சோபா

சோபா உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. ஸெய்னுதீன் வீட்டு முன்வாசலில், பாதி முன்கூடமான ஹோலுக்குள்ளும் பாதி வெளியே ஒழுங்கையிலுமாக இறுகிப் போய்க் கிடந்தது.

“தள்ளுங்கடா!” என்று கத்தினார் ஸெய்னுதீன்.

“தள்ளித்தான் பாக்கிறம் காக்கா. சோபா அசையுதில்ல, சுவர்தான் அசையுது,” என்றான் சோபாவை ஏற்றி வந்த லொறிக்காரன்.

“சுவர் அசையாது! நான் கட்டின சுவர்!”

குசினிப் பக்கமிருந்து மனைவி ஜெஸீமாவின் குரல் வந்தது. “சனூஸாட வாப்பா, வாசலை அளந்தீங்களா?”

ஸெய்னுதீனுக்குச் சுர்ரென்று ஏறியது. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற மனுசன் அவர். கோதுமை ஏற்றி வருகிற பெரிய கப்பலையெல்லாம் கயிறு வாங்கி, இறங்குதுறையோடு அணைத்துக் கட்டி அனுப்புகிறவர். அவரிடம் போய் அளவைப் பற்றிக் கேள்வி!

“ஹோலை அளந்தனான்! ரெண்டு கையையும் விரிச்சுப் பாகம் போட்டு அளந்தனான். சோபாவையும் அப்பிடித்தான் அளந்தனான். ஒரு விரல் பிசகாது!”

“நான் கேட்டது வாசலை.”

வாசலை எந்த மடையன் அளப்பான்?

இத்தனை கோபத்துக்கும் காரணம் கிண்ணியாவிலிருந்து மகள் சனூஸாவைப் பெண் பார்க்க வந்தவர்கள். மாப்பிள்ளை நஸ்ரி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். தங்கமான பொடியன். இந்தப் பக்கத்து வழக்கத்தில், கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் பார்ப்பார்கள். பார்த்தார்கள். ஹோலில் பார்க்க ஒன்றுமே இல்லை. விரித்த பாயில் இருந்துகொண்டு, மாப்பிள்ளையின் மாமா ஸஹாப்தீன் நாலு மூலையையும் கண்ணாலேயே அளந்தார். தேத்தண்ணியைக் குடித்தார். “வெள்ளிக்கிழமை பெரியும்மாவோட வந்து முடிவு சொல்லுறம்,” என்று எழும்பிப் போய்விட்டார்.

அந்தப் பார்வை ஸெய்னுதீனின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. சனூஸாவுக்கு நஸ்ரியைப் பிடித்திருந்தது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து கறியில் ஒரு நாள் உப்பு இல்லை, மறுநாள் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

“இருக்க ஒரு கதிரை இல்லாததால என்ட புள்ளட கலியாணம் நிண்டு போறதோ?” என்று குமுறினார். புதுச் சாமான் வாங்க வழியில்லை. உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார். திறந்த விறாந்தையில், அங்கேயே வைத்து ஒரே சட்டமாக அடித்த, மூலைக்கு வளைந்து போகிற சோபா. கொண்டு போனால் போதும் என்பது போல விடுதிக்காரன் விலை சொன்னான்.

“இவ்வளவு மலிவா ஏன் தாறான் எண்டு கேட்டீங்களா?” என்றாள் ஜெஸீமா.

“உனக்கு மலிவெண்டாலே சந்தேகம்!”

அந்த மலிவுதான் இப்போது வாசலில் கிடக்கிறது.

“காலை அறுத்தா சரிச்சுக் கொண்டு போயிடலாம்,” என்றான் லொறிக்காரன்.

ஸெய்னுதீன் மரமறுக்கிற வாளை எடுத்தார். கோபத்தில் இருக்கிறவன் கையில் வாள் கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு காலாக அறுத்து ஒழுங்கையில் வீசினார். சோபா இன்னொரு முழம் உள்ளே வந்து, முன்பைவிட மோசமாக இறுகியது. பிடித்து இழுக்க இப்போது காலும் இல்லை. லொறிக்காரன் மெதுவாக லொறியில் ஏறிக்கொண்டான்.

அந்த ஒரு நாள் முழுக்க ஸெய்னுதீன் தன் சொந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மதிலால் ஏறித்தான் போய்வந்தார். வழியில் போகிறவர்கள் எல்லாம் நின்று ஸலாம் சொல்லி, யோசனையும் சொன்னார்கள். ஸலாமுக்கு மட்டும் அவர் பதில் சொன்னார்.

மறுநாள் கப்பல்துறை ஊரிலிருந்து தனுசன் மேசன் வந்தான். சுற்றிப் பார்த்தான். கதவு நிலையைத் தட்டிப் பார்த்தான்.

“நிலையைக் கழட்டினால் சோபா போகும் நானா. ஆனா இந்த நிலை திரும்ப நிக்காது. முழுக்கக் கறையான்.”

“கழட்டு!”

“சுவரும் கொஞ்சம் வரும்.”

“வரட்டும்! எல்லாம் வரட்டும்!”

எல்லாம் வந்தது. நிலை வந்தது, நிலையைச் சுற்றியிருந்த சுவர் வந்தது, மேலிருந்த கண்ணாடியும் வந்தது. தூசி அடங்கியபோது சோபா ஹோலுக்குள் போய், பின்சுவரோடு ஒட்டி நின்றது. ஸெய்னுதீன் சொன்னது பொய்யில்லை. ஒரு விரல் பிசகவில்லை. ஹோல் எவ்வளவோ, சோபாவும் அவ்வளவு.

“பாத்தியா? பாத்தியா?” என்று ஜெஸீமாவிடம் துள்ளினார்.

“வாப்பா!” என்று சனூஸாவின் குரல் அறைக்குள்ளிருந்து கேட்டது. “கதவு திறபடுதில்ல!”

அறைக் கதவு ஹோல் பக்கமாகத் திறக்கிற கதவு. அந்த இடத்தில் இப்போது சோபாவின் முதுகு. தனுசன் கதவை அறுத்து எடுத்துவிட்டு ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டான். சனூஸா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோபாவின் மேலால் ஏறி வெளியே வந்தாள்.

“எனக்கு இந்தச் சோபா வேணாம் வாப்பா,” என்றாள்.

“உனக்கில்ல மகள், எனக்கு வேணும்! அந்த மனுசன் என்ட ஹோலைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியாது. நான் ஒண்டுமில்லாதவன் எண்டு பார்த்தவன்!” என்று கத்தத் தொடங்கியவருக்குப் பாதியில் குரல் உடைந்துவிட்டது. சனூஸா அவருடைய தலையிலிருந்த சீமெந்துத் தூசியைத் தட்டிவிட்டாள்.

உடைந்த சுவருக்கு முண்டு கொடுக்க, வாசலின் இரண்டு பக்கமும் கொங்கிறீட் தூண் எழுப்ப வேண்டும் என்றான் தனுசன். எழுப்பினான். வாசல் சுருங்கியது. கையில் மிஞ்சிய காசுக்கு மரக்கடையில் கிடைத்ததும் குளியலறைக்கென்று செய்த ஒடுக்கமான கதவுதான். அதைப் பொருத்திவிட்டு, “இனி நீங்கள் கொஞ்சம் சரிஞ்சு போகவேணும் நானா,” என்று சொல்லி, தனுசன் சரிந்தபடியே வெளியேறினான்.

“இப்ப மாப்பிள்ள ஊட்டாக்கள் ஹோலுக்குள்ள வர ஏலும்,” என்றாள் ஜெஸீமா. “நிக்கத்தான் ஏலாது.”

“நிக்கிறதுக்கோ வாறாங்க? இருக்க வாறாங்க! வாயை மூடு!”

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். மாமா ஸஹாப்தீன் வாசலில் ஒரு கணம் திகைத்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சரிந்து நுழைந்தார். மாப்பிள்ளையின் பெரியும்மா றுமானா பின்னால் வந்தார்.

“இருங்க! நல்லாச் சாஞ்சு இருங்க!” என்றார் ஸெய்னுதீன். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த பெருமையெல்லாம் அந்தக் குரலில் இருந்தது.

இருந்தார்கள். கால் அறுத்த சோபா அல்லவா, இருந்தவர்களின் முழங்கால் நெஞ்சுவரை வந்தது. தேத்தண்ணித் தட்டை வைக்க இடமில்லாமல் ஜெஸீமா தலைக்கு மேலால் கோப்பைகளை நீட்டினாள். ஸஹாப்தீன் மறுபடியும் நாலு மூலையையும் பார்த்தார். நாலு மூலையிலும் சோபாதான் இருந்தது. அவருடைய முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

‘இப்ப பாரு, வடிவாப் பாரு!’ என்று ஸெய்னுதீன் மனதுக்குள் கறுவினார். திரைச்சீலைக்குப் பின்னால் சனூஸா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

றுமானா சோபாவின் கையைத் தடவிப் பார்த்தார். “இதைக் கழட்டலாமா தம்பி?”

“கழட்டவா? ஒரே சட்டம்! அசல் மரம்!”

“அப்ப, அப்பிடியே வெளியில எடுத்து வைக்க?”

ஸெய்னுதீன் நெஞ்சை நிமிர்த்தினார். “வெளியில எடுக்கவே ஏலாது! ரெண்டு பக்கமும் கொங்கிறீட் போட்டு இறுக்கியிருக்கு. இனி வீட்டை இடிச்சாத்தான் உண்டு. என்ட பேரப்பிள்ளைகளும் இதிலதான் இருக்கும்!”

ஸஹாப்தீன் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. விழுந்து இருந்தபடியே றுமானாவின் முகத்தைப் பார்த்தார். றுமானா கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடி, இல்லாமல், மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“போன இடமெல்லாம் ஹோல் முட்டச் சோபா போட்டு அடைச்சு வெச்சிருக்காங்க தம்பி. எங்கட நஸ்ரிக்குப் பின்னேரத்தில டியூசன் வகுப்பு வைக்க ஒரு வெறும் ஹோல் இந்த வீட்டிலதான் இருக்கு எண்டுபோட்டு, இண்டைக்கு ஓம் சொல்லத்தான் வந்தனாங்க.”