புதுக் காய்ச்சலுக்குக் கட்டின வேப்பிலை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வாசல்ல மாவிலை கட்டணும்.

பஜ்ஜி போடுறது எங்க மாமியார் பொறுப்பு. புதூர் பஸ் ஸ்டாப்புக்குப் போயி மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிட்டு வர்றது எங்க வீட்டுக்காரர் பொறுப்பு. பட்டுச்சேலை கட்டி, தலை நெறைய மல்லிகைப்பூ வச்சு உக்காந்திருக்கிறது என் நாத்தனார் செல்வி பொறுப்பு. என்னை நம்பி ஒப்படைச்சது மாவிலை மட்டும். எட்டாங்கிளாசுக்கு சயின்ஸ் எடுக்கிறவ, இதையாவது ஒழுங்கா செய்வான்னு நெனச்சிருப்பாங்க.

செல்விக்கு இதுக்கு முன்னாடி வந்த எடமெல்லாம் தட்டிப்போச்சு. ஒருத்தருக்கு நெறம் பத்தல. ஒருத்தருக்கு ஜாதகம் சேரல. ஒருத்தர் காரணமே சொல்லாம கேசரியை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டுப் போயிட்டாரு.

இந்த எடம் கொட்டாம்பட்டி. நெலம் இருக்கு, ரைஸ் மில் இருக்கு, மாப்பிள்ளை ஒரே பையன். இதுவும் தட்டிப்போனா இனி எவர் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்னு செல்வி சொல்லிட்டா. விளையாட்டுக்குச் சொல்லல. அழுதுக்கிட்டே சொன்னா.

இது நடந்தது எம்பதுகளோட ஆரம்பத்துல. அந்த வாரம் பாத்து ஒரு புதுக் காய்ச்சல் கெளம்பியிருந்துச்சு. மதுரையில இல்ல. இந்தியாவுலயே இல்ல. எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம். பேப்பர்ல உள்பக்கத்துல, தங்கம் வெலைக்குக் கீழ, சின்னதாப் போட்டிருந்தான். ஒலகம் பூரா பரவலாம்னு டாக்டருங்க பயப்படுறாங்களாம். பேரு கூட இன்னும் வைக்கலையாம்.

பேரில்லாத வியாதின்னதும் அந்தத் துண்டைக் கத்தரிச்சு எடுத்து வச்சுக்கிட்டேன்.

இத்தனைக்கும் எங்க தெருச் சாக்கடை அடைச்சு மாசக்கணக்காச்சு. கொழாய்த் தண்ணி டீ கலர்ல வருது. பக்கத்துத் தெருவுல வீட்டுக்கு வீடு மஞ்சக்காமாலை. அதெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. சாக்கடையைத் தாண்டிக் குதிச்சு ஸ்கூலுக்குப் போயி, கடல் தாண்டி இருக்கிற காய்ச்சலைப் பத்தி பிள்ளைகளுக்கு எச்சரிக்கை பண்ணிட்டு, மறுபடி சாக்கடையைத் தாண்டிக் குதிச்சு வீட்டுக்கு வருவேன்.

வீட்டுலயும் நடவடிக்கை எடுத்தேன். எல்லாரும் உப்புத் தண்ணியில வாய் கொப்புளிக்கணும். ஆபீஸ்லேர்ந்து வந்த மனுசன் சோப்பு போட்டுக் கை கழுவாம நாற்காலியில உக்காரக் கூடாது. காலரா காலத்துல கெணத்துல போடுவாங்களே ஒரு ஊதா மருந்து, அதைக் கரைச்சு பஜ்ஜிக்கு வச்சிருந்த வாழைக்காயை ஊறப்போட்டேன். வாழைக்காய் பாக்குக் கலருக்கு வந்துருச்சு. மாமியார் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, வேற வாழைக்காய் வாங்கிட்டு வரச் சொல்லி மகனை அனுப்புனாங்க.

சரி, மாவிலைக்கு வாரேன்.

எங்க தெருவுல மாமரம் இருக்கிறது ஒரே வீட்டுல. அந்த வீடு பூட்டிக் கெடந்துச்சு. திரும்பி வர்ற வழியில தெருமுக்குல வேப்பமரம். தழைச்சு நின்னுச்சு. எனக்குப் பளிச்சுன்னு மூளை வேலை செஞ்சுச்சு.

வேப்பிலை கிருமிநாசினி. போன வாரந்தான் கிளாசுல நடத்துனேன். மாவிலை வெறும் அழகுக்கு. வேப்பிலைன்னா அழகுக்கு அழகு, மருந்துக்கு மருந்து. வெளியூர் ஆளுங்க வேற வர்றாங்க, பஸ்ல எவன் பக்கத்துல உக்காந்து வந்தாங்களோ!

நான் எதையும் அரைகுறையா செய்ய மாட்டேன். கொத்துக் கொத்தா ஒடிச்சு நெலைவாசல் பூரா கட்டுனேன். ரெண்டு பக்கமும் ஆளுசரத்துக்கு ஒவ்வொரு கொப்பு. மிச்சத்தை கேட்டுல சொருகுனேன்.

நம்ம ஊர்ல வாசல்ல இப்படி வேப்பிலை கட்டியிருந்தா என்ன அர்த்தம்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக் கூடத் தெரியும். உள்ள யாருக்கோ அம்மை போட்டிருக்கு, வெளியாளு வராதேன்னு அர்த்தம். எனக்கும் தெரியும். பொறந்ததுலேர்ந்து தெரியும். அந்த அரை மணி நேரம் மட்டும் தெரியல. மண்டை பூரா கிருமி நெறஞ்சிருந்ததுல இதுக்கு எடமில்லாமப் போச்சு.

எதிர்வீட்டு பாண்டியம்மா அக்கா வெளிய வந்துச்சு. வாசலைப் பாத்துச்சு. செருப்பைக் கழட்டிச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்கிச்சு. என் அலங்காரத்தைப் பாத்து அக்காவுக்குப் பக்தியே வந்துருச்சுன்னு நெனச்சேன்.

அப்பத்தான் தெருமுக்குல எங்க வீட்டுக்காரர் தெரிஞ்சாரு. பின்னாடி மாப்பிள்ளை, அவரு அம்மா, தாய்மாமன். பேசிச் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. வீட்டுக்குப் பத்தடி இருக்கையில சிரிப்பு நின்னுச்சு. மாப்பிள்ளையோட அம்மா நின்னாங்க. தாய்மாமன் தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு. எங்க வீட்டுக்காரர் வாசலைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. மறுபடி வாசலைப் பாத்தாரு. அவரு மூஞ்சியைப் பாத்தப்பத்தான் எனக்கு நெனவு திரும்புச்சு.

அந்தம்மா ரெண்டு கையும் குவிச்சு, "ஆத்தா, தாயே" அப்படின்னாங்க. பொறவு மெதுவா என்னையக் கேட்டாங்க. "பொண்ணுக்கா?"

நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன். சயின்ஸ் டீச்சர் பாருங்க. "அதெல்லாம் இல்லம்மா, இது ஒரு கிருமிக்காக..." அப்படின்னு ஆரம்பிச்சேன்.

அந்தம்மா மொகம் மாறிருச்சு. "ஆத்தாவைப் போயி கிருமிங்கிறியே தாயி, நாக்கு என்னத்துக்காகும்?"

அந்த நேரம் பாத்து எங்க மாமியார் பஜ்ஜித் தட்டோட வெளிய வந்தாங்க. தலைக்கு மேல வேப்பிலை, முன்னாடி மாப்பிள்ளை வீட்டார், கையில பஜ்ஜி. ஒரு நிமிசத்துல எல்லாம் வெளங்கிருச்சு அவுகளுக்கு. இல்லைன்னு சொன்னா, அம்மையை மறைச்சு பொண்ணு காட்டப் பாத்த குடும்பம்னு பேராயிரும். போதாக்குறைக்கு வேப்பிலைக்கு முன்னாடி நின்னு ஆத்தா இங்க இல்லைன்னு சொல்ல அவுக நாக்கு எழாது. தட்டை என் கையில குடுத்துட்டு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அம்புட்டுதான். அந்தக் கும்பிடு ஆமாங்கிற பதிலாப் போயிருச்சு.

"நல்லது மதினி," அப்படின்னாங்க மாப்பிள்ளையோட அம்மா. "ஆத்தா எறங்கி, தலைக்கு மூணு தண்ணி ஊத்தி முடியட்டும். பொறவு வாரோம். அதுக்குள்ள வேற எடத்துல பேச்சு வச்சுக்கிறாதீக."

வாசப்படி மிதிக்கல. தண்ணி குடிக்கல. திரும்பிப் போயிட்டாங்க. மாப்பிள்ளை மட்டும் முக்குல ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு.

உள்ள வந்ததும் மாமியார் அடுப்பை அணைச்சாங்க. அம்மை போட்ட வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது. ஏற்கெனவே தெரு பூரா பஜ்ஜி வாசம். அம்மை வீட்டுல பஜ்ஜி பொரிக்கிறவுகளைப் பத்தி ஊரு என்ன பேசும்னு யோசிச்சுக்கிட்டு, என்னையத் திட்டக்கூட அவுகளுக்கு நேரமில்ல.

நான் சொன்னேன், வேப்பிலையை இப்பவே அவுத்துர்றேன், நானே பஸ் ஏறிப் போயி கொட்டாம்பட்டியில வெளக்கம் சொல்லிட்டு வாரேன்னு. எங்க வீட்டுக்காரர் அன்னைக்குப் பூரா பேசுனது ஒரே ஒரு வாக்கியம். "நீ இதுவரைக்கும் வெளக்குனது போதும்."

செல்விதான் முடிவு பண்ணுனா. பூவை எடுத்தா. பட்டுச்சேலையை அவுத்து மடிச்சு வச்சா. பழைய பருத்திச் சேலையைக் கட்டிக்கிட்டு பாயை விரிச்சுப் படுத்தா.

"ஜன்னல் வழியா அவரைப் பாத்தேன் மதினி. எனக்குப் புடிச்சிருக்கு. எத்தனை நாள் படுக்கணுமோ படுக்கிறேன். இந்த எடம் கைவிட்டுப் போகக்கூடாது."

என் கிருமிப் பைத்தியத்துக்கு இந்தப் பிள்ளை பாயில படுக்குதேன்னு இருந்துச்சு. இது முடியுற வரைக்கும் அவ என்ன சொன்னாலும் செய்றதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அப்படி முடிவு பண்ணியிருக்கக் கூடாது.

மறுநாள்லேர்ந்து தெருவே வந்துருச்சு. எளநீ, நுங்கு, கூழு, எல்லாம் கேட்டுக்கு வெளிய. பாண்டியம்மா அக்கா தூரத்துல நின்னு பக்குவம் சொல்லும். தலை சீவக்கூடாது, கொத்தோட வேப்பிலையால வருடி விடணும், கண்ணாடி காட்டக்கூடாது. ஸ்கூல்லேர்ந்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஆளனுப்பி, மூணு தண்ணி முடியுற வரைக்கும் இந்தப் பக்கமே வரவேணாம்னு சொல்லிட்டாங்க. ஒரு வியாதியும் இல்லாத வீட்டுல ஒரு வியாதியும் இல்லாத பொண்ணுக்கு நான் முழுநேர நர்ஸ். உப்புச்சப்பில்லாத சோத்தைத் தின்னு செல்வி நெசமாவே எளச்சுப் போனா. தெரு அதைப் பாத்து, "ஆத்தா கடுமையா எறங்கியிருக்கா" அப்படின்னு பேசிக்கிச்சு.

இதோட போயிருந்தாக்கூடப் பரவாயில்ல. தெருக்கோடியில ஒரு ரிட்டையர்டு தாத்தா இருந்தாரு. பெரியம்மை எங்கயாவது இருக்குன்னு தகவல் குடுத்தா பரிசுன்னு சர்க்கார் முன்னாடி சொவத்துல எழுதிப் போட்டிருந்தாங்கல்ல, அந்த எழுத்து அவரு வீட்டுச் சொவத்துல இன்னும் அழியல. நேராப் போயி தகவல் குடுத்துட்டாரு. ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிள்ல வந்து எறங்கிட்டாரு.

இதுல ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தலைமுறை தலைமுறையா ஊரு ஊரா உசுரைக் கொண்டுபோன பெரியம்மை, ஒலகத்தை விட்டே ஒழிஞ்சிருச்சுன்னு ரேடியோவுல சொன்னப்ப எங்க தெருவுல ஒருத்தரும் ஒரு வெடி போடல. நானும் அன்னைக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். கண்ணுல பாக்காத, பேருகூட இல்லாத காய்ச்சலுக்குத்தான் நான் மரத்தையே மொட்டை அடிச்சேன்.

இன்ஸ்பெக்டர் செல்வியோட கையைப் பாத்தாரு, மொகத்தைப் பாத்தாரு. பருக்கூட இல்ல. "எங்கம்மா கொப்புளம்?" அப்படின்னாரு.

மாமியார் சளைக்கல. "ஆத்தா உள்ளுக்குள்ளயே விளையாடுறா."

ஜன்னலுக்கு வெளிய பாதித் தெரு நிக்குது. ஒண்ணுமில்லைன்னு அவரு சொல்லிட்டா, அந்தச் சேதி மறுநாள் பஸ்ல கொட்டாம்பட்டிக்குப் போயிரும். நான் அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போயி, புதுக் காய்ச்சல்லேர்ந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். கல்யாண விசயம் சார், காப்பாத்துங்கன்னேன்.

அவரு தலையைச் சொறிஞ்சாரு. இம்புட்டு தூரம் சைக்கிள் மிதிச்சு வந்துட்டு சும்மா போனா மேல கேள்வி வருமாம். ஏதாவது ஒண்ணு செஞ்சதாக் காட்டணுமாம். "அம்மை ஊசி இல்ல. பையில காலரா ஊசிதான் இருக்கு. போட்டுரட்டுமா?"

வீட்டுல எல்லாருக்கும் போட்டாரு. வெளிய போயி, நடவடிக்கை எடுத்தாச்சு, யாரும் பயப்பட வேணாம்னு தெருவுக்கு அறிவிச்சாரு. ராத்திரிக்குள்ள கை வீங்கி, நாலு பேருக்கும் அனலாக் காய்ச்சல். அந்த வருசம் எங்க வீட்டுக்கு வந்த ஒரே காய்ச்சல் அதுதான். அனத்திக்கிட்டு வரிசையாப் படுத்துக் கெடந்தோம். அதுக்கப்புறம் தெருவுல யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்ல.

மூணாம் தண்ணி ஊத்துனோம். மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு, நானே என் கையால ஊத்துனேன். சொன்னபடி கொட்டாம்பட்டிக்காரங்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா செல்வியை வெளிச்சத்துக்குக் கூட்டிட்டுப் போயி, தாடையைப் புடிச்சு, கன்னம் கழுத்து எல்லாம் பாத்தாங்க. அந்தம்மா கண்ணு கலங்கிருச்சு. தாய்மாமன் பக்கம் திரும்புனாங்க.

"ஒரு தழும்பு இல்ல பாத்தியா தம்பி. ஆத்தா பூவாட்டம் வந்து பூவாட்டம் எறங்கியிருக்கா. இவளை விட்டுட்டு வேற யாரைப் பாக்கப் போறோம்?"

செல்வி உள்ள வந்து என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. சிரிக்கிறாளா அழுகிறாளான்னு தெரியல. எனக்கும் அதே நெலமைதான். அந்த ஒரு நிமிசம், நான் கட்டுன வேப்பிலைதான் இந்தக் கல்யாணத்தை முடிச்சு வச்சுச்சுன்னு எனக்குக் கொஞ்சம் கர்வங்கூட வந்துச்சு.

தட்டு மாத்தையில அந்தம்மா என்னையப் பாத்துச் சொன்னாங்க. "தாயி, நீதான ராப்பகலா கூட இருந்து பாத்த. தழும்பில்லாம எந்திரிச்சா பொண்ணோட மதினி தீச்சட்டி எடுப்பான்னு நான் அன்னைக்கே உங்க வாசல்ல நின்னு நேந்துக்கிட்டேன். பங்குனிப் பொங்கலுக்கு உங்க தெரு மாரியம்மனுக்கே எடுத்துரு. அதை முடிச்சுட்டு வைகாசியில கல்யாணத்தை வச்சுக்கிருவோம்."

மாட்டேன்னா வைகாசி இல்ல. எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். அவரு மேல ஓடுற ஃபேனைப் பாத்தாரு. செல்வியைப் பாத்தேன். சரிங்கம்மா, எடுக்கிறேன்னு சொல்லிட்டேன்.

எடுத்தேன். மஞ்சச்சேலை கட்டி, வெறுங்காலோட, கையில வேப்பிலையைப் பரப்பி அது மேல எரியுற சட்டியோட தெருவுல வாரேன். என் எட்டாங்கிளாஸ் பிள்ளைக ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு, "டீச்சர், கையை மாத்தி மாத்திப் புடிங்க, சுடாது" அப்படின்னு பாடம் நடத்துதுக. ஹெட்மிஸ்ட்ரஸ் என் கால்ல ஒரு கொடம் தண்ணி ஊத்திக் கும்பிட்டாங்க.

செல்வி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சு. அந்தப் புதுக் காய்ச்சல் என்னாச்சுன்னு தெரியல. பேப்பர்ல அப்புறம் ஒரு வரிகூடப் போடல.

அது வராததுக்கே தீச்சட்டி. வந்திருந்தா என்னைய தீ மிதிக்கப் பூக்குழியில எறக்கியிருப்பாங்க.