குரோமா, பாலிஷா

மனிதகுலம் சக்கரத்தைப் பற்றி இரண்டு முறைதான் ஆழமாக யோசித்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தபோது ஒருமுறை. அதற்குக் குரோம் பூசுவதா, பாலிஷ் போடுவதா என்று திருவண்ணாமலை வேங்கிக்காலில் ‘அருளொளி நடமாடும் மருத்துவ அறக்கட்டளை’ கூடியபோது இன்னொரு முறை. முதல்முறை யோசித்தவன் யாரென்று தெரியவில்லை. தீர்மானம் போடாமலே சக்கரத்தை உருட்டிவிட்டுப் போய்விட்ட அவசரக்காரன். இரண்டாம் முறை யோசித்தவர் அறக்கட்டளையின் செயலாளர் ஆதிமூலம். அரசாங்கக் கோப்புகளோடே வாழ்ந்து ஓய்வு பெற்றவர். அவர் மேசையைத் தாண்டி எந்தக் காரியமும் ஓடிப்போனதாகச் சரித்திரம் இல்லை.

அறக்கட்டளையிடம் ஒரு வேன் இருந்தது. புதன்கிழமைதோறும் நர்ஸ் அன்புச்செல்வி அதில் அடி அண்ணாமலைக்குப் போய், வயசாளிகளுக்குப் பிரஷர் பார்த்து, சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருவாள். மக்களுக்கு அது போதும். மலைக்குப் போதுமா? துருப்பிடித்த இரும்புச் சக்கரங்களோடு அந்த வேன் கிரிவலப் பாதையில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஆதிமூலத்துக்கு நெஞ்சை அடைத்தது. நாலு நாட்டுக்காரர்கள் போட்டோ எடுக்கிற ஊர் அல்லவா!

அவர் வேதனை ஒரு புண்ணியவானின் காதில் விழுந்தது. நாலு அலுமினிய அலாய் சக்கரங்களை நன்கொடையாகத் தர முன்வந்தார். “குரோமா, பாலிஷா?” என்று மட்டும் கேட்டார். அங்கேதான் பொற்காலம் தொடங்கியது.

முதல் கூட்டத்திலேயே தொலைநோக்குள்ள தீர்மானம் ஒன்று நிறைவேறியது. பழைய சக்கரங்கள் இருக்கும்வரை புதியவை பற்றித் தெளிவு பிறக்காது. ஆகவே அவற்றை உடனே கழற்றுவது. கழற்றியவை பழைய இரும்புக் கடைக்குப் போயின. வேன் நாலு ஹாலோ பிளாக் மேல் ஏறி உட்கார்ந்து தவம் செய்யத் தொடங்கியது.

அறக்கட்டளையின் தலைவர் பாகம்பிரியாள், ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வேதாந்தம் சொல்லிக்கொடுப்பவர். அடுத்த கூட்டத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

“குரோம்கிறது மேல பூசுற பளபளப்பு, ஆதிமூலம். உள்ள இருக்கிறதை மறைக்குது. அது மாயை. பாலிஷ் அப்படி இல்ல. தேய்க்கத் தேய்க்க அலுமினியத்தோட சொந்த ஒளியே வெளிய வருது. அதான் ஆத்மா.”

“ஆத்மா மழையில நனைஞ்சா மங்கிடுதாம் மேடம். அப்பப்போ தேய்ச்சிட்டே இருக்கணும்னு கடைக்காரர் சொல்றார். குரோம்னா துணியால தொடச்சா போதும். சாமிக்கே கவசம் சாத்துறோம், சக்கரத்துக்குச் சாத்தினா மாயையா?”

“கல்லு பட்டா குரோம் உரிஞ்சிடும்.”

“உரிஞ்சா மாயை விலகிடுச்சுனு வெச்சுக்கலாமே!”

இப்படிப்பட்ட வாதம் இந்த ஊரில் நடந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். அதன் நடுவே கதவைத் தள்ளிக்கொண்டு அன்புச்செல்வி வந்தாள்.

“சார், வண்டி எப்ப சார் கெளம்பும்? அடி அண்ணாமலையில வெள்ளரிப்பிஞ்சு விக்குற திரௌபதியம்மாவுக்குக் கால்ல சர்க்கரைப் புண்ணு ஜாஸ்தியாயிடுச்சு. கட்டு மாத்தலனா காலே போயிடும் சார்.”

ஆதிமூலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, நாங்க சக்கரத்தைப் பத்திப் பேசிட்டிருக்கோம். நடுவுல நீ காலைக் கொண்டுட்டு வர்றியே?”

அன்புச்செல்வி மறுநாளே தன் ஸ்கூட்டியில் போய்க் கட்டு மாற்றிவிட்டு வந்தாள். விளக்கம் கேட்கப்பட்டது. நடமாடும் மருத்துவமனை என்பது வேன். ஸ்கூட்டி அந்தச் சொல்லுக்குள் அடங்காது. மருந்துப் பெட்டியின் சாவி ஆதிமூலத்தின் சட்டைப் பைக்குப் போனது.

அதற்காக அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்தால் பாவம். செவ்வாய்க்கிழமை தவறாமல் அவரே திரௌபதிக்குப் போன் போடுவார்.

“அம்மா, செயலாளர் பேசறேன். நாளைக்கு இல்ல, அடுத்த புதன்கிழமை வண்டி கண்டிப்பா வந்துடும்.”

“சரிங்க சாமி. நர்ஸம்மா பெரியாஸ்பத்திரிக்குப் போவச் சொல்லுது. ஷேர் ஆட்டோ புடிச்சுப் போயிடட்டுமா?”

“எதுக்கும்மா அலையறீங்க? வாசல் தேடி வர்றதுக்குத்தானே நாங்க இருக்கோம்? காலை மட்டும் கீழ வைக்காதீங்க.”

“வைக்கலைங்க சாமி.”

அவள் சொன்ன சொல் மீறாதவள். வெள்ளரிக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதன்கிழமையும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு ஒத்துழைப்புத் தரும் பயனாளி கிடைக்க ஓர் அறக்கட்டளை தவம் செய்திருக்க வேண்டும்.

கார்த்திகை தீபம் நெருங்கியபோது ஆதிமூலத்துக்கு ஞானம் பிறந்தது. தீபத்தன்று அர்த்தநாரீஸ்வரர் எழுந்தருளும் ஊர் இது. இடப்பக்கம் அம்மன், வலப்பக்கம் சிவன். அப்படியானால் இடப்பக்கச் சக்கரங்கள் பாலிஷ், வலப்பக்கச் சக்கரங்கள் குரோம்! பாகம்பிரியாள் எழுந்து நின்று கைகூப்பினார். வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் கண்மூடித் திறப்பதற்குள், அர்த்தநாரீஸ்வரர் தரிசனம் தந்துவிட்டு உள்ளே போய்விடுவார். வேனும் அதே மரபைத்தான் கடைப்பிடிக்கிறது என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கைதட்டல் அடங்குவதற்குள் அன்புச்செல்வி வந்து நின்றாள்.

“எடுத்துட்டாங்க சார்.”

“எதை?”

“திரௌபதியம்மா காலை. முட்டிக்குக் கீழ.”

ஆதிமூலத்தின் கண்கள் கலங்கின. அது நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கின. இரங்கல் தீர்மானம் போடலாம் என்று பார்த்தால், காலுக்குப் போட விதியில் இடமில்லை. எனவே திரௌபதிக்கு ஒரு சக்கர நாற்காலி வழங்குவதென்று ஒருமனதாக முடிவானது. இத்தனை வேகமாக அந்த அறையில் எதுவும் முடிவானதில்லை.

தீபத்தன்று புதுச் சக்கரங்கள் மாட்டிய வேனுக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். குரோமில் மலை தெரிந்தது. பாலிஷில் மங்கலாகத் தெரிந்தது. அதுவே மேலான தரிசனம் என்றார் பாகம்பிரியாள்.

அடுத்த நாள் ஆதிமூலம் பொன்னாடையோடும் ஆப்பிளோடும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலில் திரௌபதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற அன்புச்செல்வி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“கவலைப்படாதீங்கம்மா. உங்களுக்கு வீல்சேர் சாங்ஷன் ஆயிடுச்சு.”

“நல்லா இருப்பீங்க சாமி. எப்ப வரும்?”

“வந்துடும், வந்துடும்.” ஆதிமூலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் அருகே உட்கார்ந்தார். அவர் குரலில் பழைய கனிவு ஏறியது. “அதுல பெருசு ரெண்டு, சிறுசு ரெண்டுனு மொத்தம் நாலு சக்கரம் இருக்குது பாருங்க. அதுக்குக் குரோமா, பாலிஷானு கமிட்டி உக்காந்து முடிவு பண்ணணும். அது ஒண்ணுதான் பாக்கி.”

திரௌபதி போர்வையை விலக்கித் தன்னைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, கேட்ட விவரத்தை மட்டும் சொல்கிறவளைப் போல மெதுவாகச் சொன்னாள்:

“சீக்கிரமா உக்காருங்க சாமி. எனக்கும் ஒண்ணுதான் பாக்கி.”