கார்டீனியாவுக்கு ஒரு குறிப்பாணை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் யாரும் கூட்டக் குறிப்பு எழுதி வைக்கவில்லை. சக்கரத்துக்கும் அதே கதிதான். அதனால்தான் அந்த இரண்டு சாதனைகளும் யாருடையவை என்று இன்றுவரை தெரியாமல் கிடக்கிறது. எங்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நிற்கும் கார்டீனியாச் செடி பூத்த வரலாறும் அப்படி அநாதையாகிவிடக் கூடாது. அதைப் பூக்க வைக்க ஒரு குழு ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அந்தக் குழுவின் தலைவர், செயலாளர், குறிப்பெழுத்தர் மூவரும் நானே. ஆகவே இதை நடுநிலையோடு எழுத என்னைவிடத் தகுதியானவர் கிடையாது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு பெரிய அலுவலகத்தில் கோப்புப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்தேன். என் பிரிவில் எந்தத் தாளும் பக்கத்துத் தாளைவிட அரை விரல் நீட்டிக்கொண்டு நின்றதில்லை. ஓய்வு பெற்ற அன்று அலுவலகம் எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது. திரும்பி வரும் வழியில் நானாக ஒரு தோட்டக் கத்தரி வாங்கினேன். முழங்கை நீளம், சிவப்புக் கைப்பிடி. நீட்டிக்கொண்டு நிற்பவற்றை ஓய்வுக்குப் பிறகும் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

செடியை நட்டவள் என் மனைவி. கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்தாள். அதன் வாசலில் ஒரு கார்டீனியா நின்றதாம்.

"ஜன்னலத் திறந்தா போதும், மத்தியானம் முழுக்க ரூமெல்லாம் மணக்கும். பிள்ளைங்க தப்புத் தப்பா அடிப்பாங்க. எனக்குத் திட்டவே மனசு வராது" என்றாள். "நம்ம ரூமுக்குள்ளயும் ஒரு தடவை அந்த வாசனை வரணுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இதுவே எங்கள் திட்டத்தின் "இலக்கு". கோப்பில் முதல் தாளாக இருக்கிறது.

முதல் ஆண்டிலேயே நான் செடிக்கு ஒரு நிர்வாக முறையை வகுத்தேன். ஒவ்வொரு டிசம்பர் கடைசி ஞாயிறும் ஆண்டுச் சீரமைப்பு. கயிறு பிடித்து, அளவு பார்த்து, சுற்றிச் சுற்றி வந்து வெட்டுவேன். முடிக்கும்போது செடி உருண்டைப் பந்தாக நிற்கும். தெருவில் போன ஒருவர் நின்று தொட்டுப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்கா சார்?" என்று கேட்டார். என் பணி வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

அன்று மனைவி கீழே கிடந்த துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நுனியில பச்சையா ஏதோ உருண்டு இருக்குங்க. மொட்டு மாதிரி இருக்கு."

"மொட்டு இல்ல. அதிகப்படி வளர்ச்சி."

"வெட்டாம ஒரு வருஷம் விட்டுப் பாக்கலாமே."

"ஒரு வருஷம் விட்டா அது காடாயிடும். அப்புறம் நீதான் வருத்தப்படுவ."

இரண்டு ஆண்டுகள் கழிந்தும் செடி பூக்கவில்லை. பொறுப்புள்ள எவரும் இந்த நிலையில் என்ன செய்வாரோ அதையே செய்தேன். ஒரு குழு அமைத்தேன். அதன் பெயர் "பூத்தல் செயலாக்கக் குழு". உறுப்பினர்கள்: பக்கத்து வீட்டுக் கெமிஸ்ட்ரி சார், என் மைத்துனன், என் மனைவி. கெமிஸ்ட்ரி சார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சட்டைப் பையில் இன்னும் லிட்மஸ் தாள் வைத்திருப்பவர். மைத்துனன் என் மனைவியின் தம்பி. வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்கிறவன். மூன்று நாள் "மனோபலப் பயிற்சி" முடித்தவன்.

கூட்டத்துக்கென்று ஒரு படிவம் தயாரித்தேன். அதன் கடைசிக் கட்டம், "தாமதத்துக்குப் பொறுப்பானவர்". எந்தப் படிவத்துக்கும் உயிர்நாடி அந்தக் கட்டம்தான். முதல் ஆண்டு அதில் "மண்" என்று எழுதினேன். அடுத்த ஆண்டு "மழை". அதற்கடுத்த ஆண்டு "செடி விற்றவர்".

"மண்ணுல அமிலம் பத்தல" என்பார் கெமிஸ்ட்ரி சார், லிட்மஸ் தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு.

"அமிலமெல்லாம் சும்மா சார். அதுக்குத் தன்னம்பிக்கை பத்தல" என்பான் மைத்துனன். அவன் தினமும் காலையில் வந்து, கண்ணை மூடி, செடியின் முன் கையை விரித்துச் சொல்வான்: "நீ பூத்துவிட்டாய். நீ ஏற்கெனவே பூத்துவிட்டாய்."

ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்: "டேய், பூத்துட்டேன்னு அது நம்பிடுச்சுன்னா அப்புறம் எதுக்குடா பூக்கணும்?"

"அக்கா, நெகட்டிவா பேசாத. செடி கேக்குது."

"நான் பேசறத அதாவது கேக்குதே."

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்: "வெட்டாம விட்டுப் பாக்கலாமே." நான் குறிப்பேட்டில் எழுதுவேன்: "உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார். கவனிக்கப்பட்டது." "கவனிக்கப்பட்டது" எங்கள் அலுவலகத்தின் மிக மரியாதையான சொல். ஒன்றை அப்படி எழுதிவிட்டால், அதன் பிறகு அதை யாரும் கவனிக்க வேண்டியதில்லை.

ஆறாம் ஆண்டு நான் கடுமையான நடவடிக்கையில் இறங்கினேன். செடிக்குக் குறிப்பாணை வழங்கினேன். மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கிழக்குப் பக்கக் கிளையில் நூலால் கட்டினேன். "போதிய நீர், உரம், ஊக்கம் ஆகியன அளிக்கப்பட்டும் தாங்கள் இதுநாள்வரை பூக்காதது ஏன் என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். தவறினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும்."

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். முதல் முறை, தட்டச்சுப் பிழை இருக்கிறதா என்று.

"அதுக்குப் பேசத் தெரியாதுங்க."

"பேசத் தெரியாதவங்களுக்கும் விதி ஒண்ணுதான்."

"பேசத் தெரிஞ்சவங்களுக்கு?"

"அவங்க சொல்றத எழுதி வெச்சுக்குவோம்."

அவள் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் குறிப்பேட்டில் எழுதப் படிவத்தில் இடம் இல்லை. பதினைந்து நாளில் பதில் வரவில்லை. குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த ஆண்டுக் கட்டத்தில் "செடி" என்று எழுதினேன்.

ஏழாம் ஆண்டு மனைவிக்குக் கட்டிலுக்கு இடமாற்றம் ஆனது. மருத்துவர்கள் காரணம் சொன்னார்கள். அதையும் எழுதி வைத்தேன். குழு இனிப் படுக்கையறையில் கூடும் என்று சுற்றறிக்கை விட்டேன். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினோம். தலையணையை இரண்டாக மடித்து வைத்தால் அவளுக்குச் செடியின் உச்சி தெரியும். திட்டத்துக்கு முதன்முறையாக ஒரு "காலக்கெடு" ஏற்பட்டது. அதை மட்டும் நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

கெமிஸ்ட்ரி சார் அன்று முழு வேகத்தில் இருந்தார். "இத்தனை வருஷமா நாம அதைச் சொகுசா வளர்த்துட்டோம். தண்ணிய நிறுத்துங்க. சாகப் போறோம்னு பயம் வரணும். அப்பதான் எந்தச் செடியும் பூக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்து சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கையிலிருந்த லிட்மஸ் தாளைச் சுருட்டத் தொடங்கினார். மைத்துனன் தரையைப் பார்த்தான்.

"அப்படின்னா சார், நான் போன மாசமே பூத்திருக்கணுமே" என்றாள் மனைவி.

முதலில் சிரித்தவளும் அவள்தான். கெமிஸ்ட்ரி சார் சிரித்துக்கொண்டே அழுதார். நான் "தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினேன்.

அந்த டிசம்பர் கடைசி ஞாயிறு, ஆண்டுச் சீரமைப்புக்குக் கத்தரியை எடுக்கப் போனேன். ஆணியில் கத்தரி இல்லை. ஓய்வுக்குப் பிறகு என் நிர்வாகத்தில் நிகழ்ந்த முதல் காணாமற்போதல். உடனே அவசரக் கூட்டத்தைக் கூட்டி விசாரணை தொடங்கினேன்.

"மாப்ள, நீ பாத்தியா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது அத்தான்" என்றான் மைத்துனன். மனோபலப் பயிற்சியில் பொய் சொல்லச் சொல்லித் தரவில்லை போலும். காது நுனிவரை சிவந்திருந்தான்.

"நீ பாத்தியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கட்டில்ல கிடக்கறவள விசாரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல? கத்தரிக்கு ரெண்டு கால் இருக்கில்ல, நடந்து போயிருக்கும்."

"நாளைக்குப் புதுசு வாங்கிட்டு வரேன்."

"வாங்கலாம். முதல்ல ஜன்னலத் திறங்க. அப்படியே கொஞ்ச நேரம் உக்காருங்க. எழுத வேணாம். சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு விசாரணைக் குறிப்பை முடிக்க எழுந்துவிட்டேன். அது எங்கள் நாற்பத்தொன்றாவது கூட்டம். அந்த வாரமே மருத்துவமனை. புதுக் கத்தரி வாங்க நேரம் கிடைக்கவில்லை. ஜனவரி மூன்றாம் வாரம் அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு குழு கூடவில்லை. மிச்சம் மூன்று பேர் இருந்தோம். விதிப்படி மூன்று பேர் போதும். போதிய உறுப்பினர் இல்லை என்றுதான் எழுதி வைத்தேன்.

நான்கு மாதம் செடிப் பக்கம் நான் போகவில்லை. உரம் இல்லை, லிட்மஸ் இல்லை, ஊக்கம் இல்லை. தண்ணீர் மட்டும் கெமிஸ்ட்ரி சார், எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குழாயை நீட்டி ஊற்றினார். செடி கண்டபடி வளர்ந்தது. நான்கு பக்கமும் கிளை நீட்டிக்கொண்டு, தலை வாராத பிள்ளை மாதிரி நின்றது.

மே மாதம் ஒரு மத்தியானம் படுக்கையறைக்குள் போனேன். அறை முழுக்க மணந்தது. நான் ஒரு நிமிடம் கட்டிலைப் பார்த்தேன். பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, எண்ண முடியாத அளவுக்கு.

செய்தி பரவியது. கெமிஸ்ட்ரி சார் வேலியைத் தாண்டி வந்து, "அமிலம் வேலை செஞ்சிடுச்சு" என்றார். மைத்துனன் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தோடு வந்தான். அவன் தன்னம்பிக்கை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை என் மடியில் வைத்தான். பிரித்தேன். சிவப்புக் கைப்பிடி.

"அக்காதான் எடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னா. பூத்தப்புறம்தான் உங்க கையில குடுக்கணும்னு சத்தியம் வாங்கிட்டா."

"வேற என்ன சொன்னா?"

"பூவெல்லாம் உதிர்ந்ததும் வெட்டச் சொன்னா. அப்பதான் வெட்டணுமாம். டிசம்பர்ல வெட்டினா மொட்டோட போயிடுமாம். 'அவருக்கு வெட்டாம இருக்க முடியாதுடா, பாவம், மாசத்த மட்டும் மாத்திக்கச் சொல்லு'ன்னா."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

மைத்துனன் என்னைப் பார்த்தான். மனோபலப் பயிற்சி முடித்தவன் அப்படிப் பார்க்கக் கூடாது.

ஒரு மகத்தான திட்டம் வெற்றி பெற்றால் நிறைவறிக்கை எழுதுவது தலைவரின் கடமை. குறிப்பேட்டை எடுத்து முதலிலிருந்து புரட்டினேன். நாற்பத்தொரு கூட்டங்கள், அடித்தல் திருத்தல் இல்லாத என் கையெழுத்து. "உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார். கவனிக்கப்பட்டது." கடைசிக் கூட்டம் தவிர நாற்பதிலும் அந்த வரி இருந்தது. கடைசிக் கூட்டத்தில் மட்டும்தான் அவள் கருத்து எதையும் தெரிவிக்கவில்லை. அதற்குள் அவளே காரியத்தை முடித்துவிட்டிருந்தாள்.

நிறைவறிக்கையில் "இலக்கு" என்ற கட்டத்துக்கு எதிரே "எட்டப்பட்டது" என்று எழுதினேன். "தாமதத்துக்குப் பொறுப்பானவர்" கட்டத்தில் முதன்முறையாகச் சரியான பெயரை எழுதினேன். எழுதிவிட்டு, முறைப்படி அவருக்கும் ஒரு குறிப்பாணை தயாரித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிழக்குப் பக்கம் அதே கிளையில் பூக்களுக்கு நடுவே கட்டினேன். "தங்கள் மனைவி நாற்பது முறை ஒரே விஷயத்தைச் சொல்லியும் தாங்கள் கேட்காதது ஏன் என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்."

பதினைந்து நாள் நேற்றோடு முடிந்தது. விளக்கம் எதுவும் வரவில்லை.

விதி எனக்குத் தெரியும். எழுதியவனே நான்தான்.